அறிந்தவரே காவலர்

காசியில் கங்கைக் கரையை ஒட்டிய சிறு சன்னிதி ஒன்றில், ஒரு கையில் பாயசக் கிண்ணமும் மற்றொரு கையில் கரண்டியும் ஏந்திய கல் திருமேனி ஒன்று வழிபடப்பட்டு வந்தது. 1913-ஆம் ஆண்டு அங்கே வந்த நார்மன் மெக்கன்சி என்னும் கனடா நாட்டு வழக்கறிஞர் அதன்மீது ஆசை கொண்டார். அந்த ஆசையை அறிந்துகொண்ட ஒருவர், திருமேனியைத் திருடிக்கொண்டு வந்து அவரிடம் கொடுத்தார். கடல் கடந்து சென்ற அத்திருமேனி, பின்னர் அவருடைய ஏனைய கலைப்பொருள்களோடு ரெஜைனா பல்கலைக்கழகத்தின் தொகுப்பில் சேர்ந்தது. அங்கே அதற்கு இடப்பட்டிருந்த பெயர் 'விஷ்ணு'.

ஒரு நூற்றாண்டுக் காலம் அந்தப் பெயரைக் குறித்து யாரும் ஐயம் எழுப்பவில்லை. 2019-இல் கண்காட்சி ஒன்றுக்காக அத்தொகுப்பை ஆராய்ந்த கலைஞர் திவ்யா மெஹ்ரா, 'விஷ்ணு' எனப்பட்ட திருமேனி பெண்வடிவில் இருப்பதைக் கவனித்தார். அது எவ்வாறு கனடாவுக்கு வந்தது என்பதையும் பழைய பதிவுகளில் தேடிக் கண்டார். இந்தியக் கலையில் தேர்ந்த அறிஞர் ஒருவர், கிண்ணத்தையும் கரண்டியையும் கண்டு, இது உலகுக்கெல்லாம் உணவளிக்கும் அன்னபூரணி என்று தெளிவுபடுத்தினார். பல்கலைக்கழகம் 2020 நவம்பரில் அத்திருமேனியை இந்தியாவிடம் ஒப்படைக்க முன்வந்தது. 2021 நவம்பர் 15 அன்று அன்னை காசி விசுவநாதர் ஆலயத்தில் மீண்டும் எழுந்தருளினாள்.

இந்நிகழ்ச்சி ஓர் உண்மையை எடுத்துக்காட்டுகிறது. அன்னபூரணி இரண்டு முறை தொலைந்து போனாள். முதலில் இடத்தை இழந்தாள். பிறகு பெயரை இழந்தாள். பெயர் திரும்பிய பிறகே இடம் திரும்பிற்று. ஒரு நாட்டின் கலைச்செல்வங்களைத் திருட்டிலிருந்தும் போரிலிருந்தும் கள்ள வணிகத்திலிருந்தும் காப்பது எப்படி என்று சிந்திக்கும்போது, பூட்டும் காவலாளியும் சட்டமுமே முதலில் நினைவுக்கு வருகின்றன. அவை யாவும் தேவையே. ஆயினும், அவற்றுக்கெல்லாம் அடிப்படையாக வேறொன்று இருக்க வேண்டும். காக்கப்பட வேண்டியது இன்னதென்று அறிந்தவர்கள் இருக்க வேண்டும். அந்த அறிவு எழுத்திலும் படத்திலும் பதிவாகியிருக்க வேண்டும்.

களவு தொடங்கும் இடம்

அரியலூர் மாவட்டத்தில் ஸ்ரீபுரந்தான் என்னும் சிற்றூர் உள்ளது. அங்குள்ள பிரகதீஸ்வரர் ஆலயம் சோழர் காலத்தது. முறையான வழிபாடு நின்றுபோய், கதவு பூட்டப்பட்டிருந்த அந்த ஆலயத்தினுள் செப்புத் திருமேனிகள் மட்டும் இருந்தன. 2006-இல் அவை திருடப்பட்டன. களவு நடந்தது வெளியுலகுக்குத் தெரியவர ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் ஆயின. அதற்குள் அந்த ஆலயத்தின் நடராஜர் நியூயார்க் நகரக் கலைக்கூடம் ஒன்றின் வழியாக ஆஸ்திரேலியாவின் தேசியக் கலைக்கூடத்தைச் சென்றடைந்துவிட்டார். 2008-இல் அந்நிறுவனம் கொடுத்த விலை ஏறத்தாழ 50 லட்சம் அமெரிக்க டாலர்.

இங்கே கருதிப் பார்க்க வேண்டியது அந்த இரண்டு ஆண்டு இடைவெளியே. நாள்தோறும் ஒருவர் விளக்கேற்றும் சன்னிதியில் களவு நடந்தால், மறுநாள் காலையிலேயே அது தெரிந்துவிடும். காவல்துறைக்கும் சுங்கத்துறைக்கும் துறைமுகங்களுக்கும் உடனே செய்தி போகும். யாரும் நுழையாத கோயிலிலோ, திருடனுக்கு வேண்டிய காலம் தாராளமாகக் கிடைத்துவிடுகிறது. திருடுவதற்கு ஓர் இரவு போதும். திருடியதை மறைக்கத்தான் காலம் தேவை. அந்தக் காலத்தைத் திருடனுக்குக் கொடுப்பது நமது பாராமுகம்.

கைமாறும் வழி

கோயிலிலிருந்து வெளியே போன திருமேனி அருங்காட்சியகத்தின் கண்ணாடிப் பேழையை அடையும் வரை பல கைகள் மாறுகிறது. இடத்தை அடையாளம் காட்டும் உள்ளூர்க்காரர், பெயர்த்தெடுக்கும் கூட்டம், வாங்கிச் சேர்க்கும் தரகர், கப்பலேற்றும் ஏற்றுமதியாளர், வெளிநாட்டு வணிகர் என்று ஒரு சங்கிலி நீள்கிறது. முதல் கையில் இருப்பவருக்குச் சொற்பத் தொகையே கிடைக்கும். கடைசிக் கையில்தான் அது கோடிக்கணக்காகப் பெருகுகிறது.

இந்தச் சங்கிலியில் இரண்டு பொய்கள் இன்றியமையாதவை. முதல் பொய் துறைமுகத்தில் சொல்லப்படுகிறது. பழைய திருமேனிகளைப் புதிதாக வார்க்கப்பட்ட சிலைகளோடு கலந்து, 'கைவினைப் பொருள்கள்' என்று குறித்து அனுப்பிவிடுகிறார்கள். இரண்டாவது பொய் விற்பனைக் கூடத்தில் சொல்லப்படுகிறது. அந்தப் பொருள் பல்லாண்டுகளுக்கு முன்பே இந்தியாவை விட்டு முறையாக வெளியேறியது என்றும், இன்னாரது குடும்பத்தில் இருந்தது என்றும் காட்டும் கடிதங்கள் புனையப்படுகின்றன. ஸ்ரீபுரந்தான் நடராஜருக்கும் அத்தகைய போலி வரலாறு ஒன்று உருவாக்கப்பட்டது. 2006-இல் கோயிலில் இருந்த திருமேனி, 1970-ஐ ஒட்டிய ஆண்டுகளிலேயே டில்லியில் ஒரு தனியாரிடம் இருந்ததாக அந்தத் தாள்கள் கூறின.

1970 என்ற ஆண்டைச் சுற்றியே இத்தகைய பொய்கள் அமைவதற்குக் காரணம் உண்டு. கலைச்செல்வங்களின் கள்ளக் கடத்தலைத் தடுக்கும் யுனெஸ்கோ உடன்படிக்கை 1970-இல் உருவாயிற்று. இந்தியா 1972-இல் தொல்பொருள்கள், கலைச்செல்வங்கள் சட்டத்தை இயற்றியது. அது 1976-இல் நடைமுறைக்கு வந்தது. நூறு ஆண்டுகளுக்குக் குறையாத பழமையுடைய சிற்பங்களையும், எழுபத்தைந்து ஆண்டுகளுக்குக் குறையாத சுவடிகளையும் தனியார் எவரும் ஏற்றுமதி செய்யக் கூடாது என்று அச்சட்டம் கூறுகிறது. மீறுவோருக்கு ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறையும் அபராதமும் உண்டு. அதற்கு முன்பே பொருள் வெளியேறிவிட்டது என்று காட்டிவிட்டால், சட்டத்தின் பிடியிலிருந்து தப்பிவிடலாம் என்பது வணிகரின் கணக்கு.

சாட்சி சொன்ன புகைப்படம்

அந்தக் கணக்கைப் பொய்யாக்கியது ஒரு புகைப்படம். புதுச்சேரியிலுள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் 1950-களின் இடைப்பகுதியிலிருந்து தென்னிந்தியக் கோயில்களை ஊர் ஊராகச் சென்று படமெடுத்து வந்துள்ளது. ஒன்றரை லட்சத்திற்கும் மேற்பட்ட படங்கள் அங்கே சேமிக்கப்பட்டுள்ளன. கோயிற்கலையை ஆராய்வதே அவற்றின் நோக்கம். பிற்காலத்தில் நீதிமன்றத்தில் சாட்சியாக நிற்கப் போகிறோம் என்று அந்தப் படங்களை எடுத்தவர்கள் எண்ணியிருக்க மாட்டார்கள்.

ஸ்ரீபுரந்தான் திருமேனிகளின் படங்கள் அத்தொகுப்பில் இருந்தன. கோயிலில் எடுத்த படத்தையும் கலைக்கூடத்தின் படத்தையும் அருகருகே வைத்தபோது, இரண்டும் ஒன்றே என்பது ஐயத்திற்கு இடமின்றி விளங்கிற்று. செப்புத் திருமேனி மெழுகு வார்ப்பு முறையில் உருவாகிறது. மெழுகில் செய்த உருவத்தின்மேல் மண்ணைப் பூசிச் சுடுவார்கள். மெழுகு உருகி வெளியேறிய இடத்தில் உலோகத்தை ஊற்றுவார்கள். பின்னர் மண் அச்சை உடைத்தே திருமேனியை எடுக்க வேண்டும். ஓர் அச்சில் ஓர் உருவமே பிறக்கும். ஆகவே, ஒரு திருமேனிக்கு இரட்டைப் பிறவி இல்லை. சுடர்களின் எண்ணிக்கை, விரலின் வளைவு, பீடத்தின் தேய்வு, சிறு பிளவு ஆகிய ஒவ்வொன்றும் மனிதரின் கைரேகையைப் போன்றவை.

2014 செப்டம்பர் 5 அன்று ஆஸ்திரேலியப் பிரதமர் அந்த நடராஜரை இந்தியப் பிரதமரிடம் ஒப்படைத்தார். விருத்தாசலம் விருத்தகிரீஸ்வரர் ஆலயத்துக் கல் அர்த்தநாரீஸ்வரரும் அன்றே திரும்பினார். அவருக்கும் பழைய புகைப்படமே துணைநின்றது. நடராஜரை விற்ற நியூயார்க் வணிகர் சுபாஷ் கபூர் 2011-இல் ஜெர்மனியில் கைதாகி, 2012-இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டார். உடையார்பாளையம் கோயில் களவு வழக்கில் 2022 நவம்பரில் கும்பகோணம் நீதிமன்றம் அவருக்கு 10 ஆண்டு சிறைத்தண்டனை விதித்தது.

நாளந்தா அருங்காட்சியகத்திலிருந்து 1961-இல் 14 உலோகத் திருமேனிகள் களவு போயின. அவற்றுள் ஒன்றான புத்தர் திருமேனி 2018-இல் ஐரோப்பாவில் நடந்த கலைப்பொருள் சந்தை ஒன்றில் காட்சிக்கு வந்தது. பழைய பதிவுகளை அறிந்திருந்த ஆர்வலர்கள் அதை அடையாளம் கண்டு, காவல்துறைக்குத் தெரிவித்தனர். அதே ஆண்டு ஆகஸ்ட் 15 அன்று லண்டன் காவல்துறை அதனை இந்தியத் தூதரகத்திடம் ஒப்படைத்தது. களவு போய் 57 ஆண்டுகள் கடந்த பின்னும் பதிவு மறக்கவில்லை.

உத்தரப் பிரதேசத்தின் பாந்தா பகுதியிலுள்ள லோகரி என்னும் சிற்றூரில் விலங்கு முகம் கொண்ட யோகினியரின் கற்சிற்பங்கள் இருந்தன. அவை பத்தாம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. கலை வரலாற்று அறிஞர் வித்யா தெஹேஜியா அவற்றை ஆராய்ந்து பதிவு செய்திருந்தார். காலப்போக்கில் சில சிற்பங்கள் மறைந்தன. எருமைமுக யோகினி பாரிஸிலிருந்து 2013-இல் திரும்பினாள். ஆட்டுமுக யோகினி இங்கிலாந்தில் ஒரு வீட்டுத் தோட்டத்தில் அலங்காரப் பொருளாக நின்றுகொண்டிருந்தாள். 2022 ஜனவரி 14, மகர சங்கராந்தி அன்று லண்டனில் இந்தியத் தூதரகத்திடம் ஒப்படைக்கப்பட்டாள். ஓர் அறிஞரின் பொறுமையான ஆய்வு இல்லையெனில், அந்தத் தோட்டத்துச் சிலை இன்ன ஊரைச் சேர்ந்தது என்று சொல்ல யாரால் இயன்றிருக்கும்?

வழக்காடிய கோயில்

பதிவு இல்லாத திருமேனிக்கு வழியே இல்லையா என்ற கேள்வி எழுகிறது. சோழநாட்டுப் பத்தூரின் வரலாறு இதற்கு விடையளிக்கிறது. ஆபத்துக் காலங்களில் செப்புத் திருமேனிகளை மண்ணுக்குள் புதைத்துக் காப்பது தமிழகத்தின் பழைய வழக்கம். பத்தூரில் சிதைந்து கிடந்த விசுவநாத சுவாமி கோயிலருகே அவ்வாறு புதைந்திருந்த நடராஜர் 1976-இல் தற்செயலாக வெளிப்பட்டார். கண்டெடுத்தவர் அதை விற்றுவிட, பல கைகள் மாறி அது லண்டனை அடைந்தது. 1982-இல் கனடா நாட்டு நிறுவனம் ஒன்று அதை வாங்கியது. செப்பனிடுவதற்காக அனுப்பப்பட்டிருந்தபோது லண்டன் காவல்துறை அதைக் கைப்பற்றியது.

அதன்பின் நடந்த வழக்கு உலகப் புகழ் பெற்றது. இந்திய அரசோடும் தமிழக அரசோடும் அந்தக் கோயிலே ஒரு தரப்பாக நின்று உரிமை கோரியது. இடிந்து, வழிபாடற்றுக் கிடந்த கோயிலுக்கு வழக்காடும் உரிமை உண்டா? இந்தியச் சட்டம் தெய்வத்தையும் ஆலயத்தையும் உரிமை பெற்ற நபராகக் கருதுகிறது என்பதை இங்கிலாந்து நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. தொல்லியல் அறிஞர் இரா. நாகசாமி நிபுணர் சாட்சியாக நின்று, பத்தூரில் கிடைத்த ஏனைய திருமேனிகளோடு நடராஜரை ஒப்பிட்டு விளக்கினார். திருமேனிகளின்மேல் படிந்திருந்த மண்ணும் கரையான் புற்றின் தடமும்கூட ஆராயப்பட்டன. 1988-இல் கிடைத்த தீர்ப்பை 1991-இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் உறுதிசெய்தது. நடராஜர் தாயகம் திரும்பினார்.

இங்கேயும் வென்றது அறிவே. படம் இல்லாத இடத்தில் மண் சாட்சியாயிற்று. அந்தச் சாட்சியைப் படிக்கத் தெரிந்த அறிஞர் ஒருவர் இருந்தார். எனினும், ஒரு திருமேனிக்காகப் பல ஆண்டுகள் அயல்நாட்டு நீதிமன்றங்களில் போராட வேண்டியிருந்தது. ஒரு புகைப்படம் இருந்திருந்தால் அந்தப் பாதை எவ்வளவு சுருங்கியிருக்கும்!

போர்க்காலக் காவலர்கள்

திருடன் இருளில் வருகிறான். போர் பகலிலேயே வருகிறது. பதினான்காம் நூற்றாண்டில் படையெடுப்பு நேர்ந்தபோது, திருவரங்கத்தின் உற்சவத் திருமேனியை அடியார்கள் சுமந்துகொண்டு ஊர் ஊராக அலைந்தனர். திருமேனி திருமலையிலும் நெடுங்காலம் இருந்தது. 1371-இல் திருவரங்கம் திரும்பியதைக் கல்வெட்டு கூறுகிறது. அதற்குள் பல்லாண்டுகள் கடந்துவிட்டன. பழைய திருமேனியைக் கண்டிருந்தவர்கள் பெரும்பாலும் மறைந்துவிட்டனர். ஆலயத்தில் வேறொரு திருமேனியும் வழிபாட்டில் இருந்தது. எது பழையது என்று ஐயம் எழுந்தது. அப்போது முதுமையால் பார்வையிழந்திருந்த சலவைத் தொழிலாளர் ஒருவர் முன்வந்தார் என்று கோயிலொழுகு மரபு கூறுகிறது. பெருமாளின் திருமஞ்சன ஆடைகளை முன்னாளில் வெளுத்து வந்தவர் அவர். இரண்டு திருமேனிகளுக்கும் திருமஞ்சனம் செய்து, ஈர ஆடைகளின் தீர்த்தத்தை அவரிடம் கொடுத்தனர். அதன் மணத்தையும் சுவையையும் கொண்டு, 'இவரே நம் பெருமாள்' என்று அவர் காட்டினார். அன்று முதல் அத்திருநாமமே நிலைத்தது.

அரசரும் அறிஞரும் தீர்க்க முடியாத ஐயத்தை, நாள்தோறும் தொண்டு செய்த ஓர் எளியவரின் நினைவு தீர்த்து வைத்தது. காவல் என்பது அதிகாரத்தில் இல்லை, நெருக்கத்தில் உள்ளது என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது.

நம் காலத்திலும் அத்தகையவர்கள் உண்டு. ஆப்கானிஸ்தானின் உள்நாட்டுப் போரில் 1993-இல் காபூல் அருங்காட்சியகம் குண்டுவீச்சுக்கும் கொள்ளைக்கும் உள்ளாயிற்று. பெக்ராமில் கிடைத்த, இந்தியக் கைவண்ணம் காட்டும் தந்தச் சிற்பங்கள் பலவும் அப்போது சிதறின. ஆனால், இரண்டாயிரம் ஆண்டுப் பழமையான பாக்திரியப் பொன்னணிகள் பிழைத்தன. அவற்றைப் போருக்கு முன்பே மத்திய வங்கியின் நிலவறையில் வைத்துப் பூட்டியிருந்த சில ஊழியர்கள், ஆண்டுக்கணக்கில் அச்சுறுத்தல்களுக்கு நடுவே வாய் திறக்கவில்லை. 20,000-க்கும் மேற்பட்ட பொருள்கள் இருக்கின்றன என்ற செய்தி 2003-க்குப் பிறகே வெளிவந்தது.

சிரியாவின் பல்மைராவில் நாற்பது ஆண்டுகள் தொல்பொருள்களைப் பேணிய அறிஞர் காலித் அல்-அசாத், 2015 ஆகஸ்டில் தீவிரவாதிகளால் கொல்லப்பட்டார். மறைத்து வைக்கப்பட்ட பொருள்களின் இடத்தைச் சொல்ல மறுத்ததே காரணம் என்று செய்திகள் தெரிவித்தன. அப்போது அவர் எண்பது வயதைக் கடந்தவர். மாலி நாட்டின் திம்புக்டு நகரில் 2012-இல் ஆயுதக் குழுக்கள் புகுந்தபோது, நூலகங்களையும் வீடுகளையும் சேர்ந்த சாதாரண மக்கள் லட்சக்கணக்கான சுவடிகளைப் பெட்டிகளில் அடைத்து, கழுதை வண்டிகளிலும் படகுகளிலும் ஏற்றி, தலைநகர் பமாகோவுக்கு இரகசியமாகக் கடத்திக் காத்தனர். தம் முன்னோர் எழுதியதன் மதிப்பை அறிந்தவர்கள் அவர்கள்.

போர்க்காலத்தில் பண்பாட்டுச் சின்னங்களைக் காக்கும் ஹேக் உடன்படிக்கை 1954-இல் ஏற்பட்டது. இந்தியாவும் அதில் இணைந்துள்ளது. திம்புக்டுவின் பழைய சமாதிகளை இடித்த குற்றத்திற்காக ஒருவருக்குப் பன்னாட்டுக் குற்றவியல் நீதிமன்றம் 2016-இல் 9 ஆண்டு சிறை விதித்தது. பண்பாட்டுச் சின்னத்தை அழிப்பது போர்க்குற்றமே என்பதை உலகம் அதன்மூலம் அறிவித்தது. பண்பாட்டுச் செல்வங்களைக் காப்பதற்கென்றே ஐக்கிய நாடுகளின் பாதுகாப்புச் சபை 2017-இல் தனித் தீர்மானம் நிறைவேற்றியது.

பத்திரமாகத்தானே இருக்கிறது?

'வெளிநாட்டு அருங்காட்சியகத்தில் நன்றாகப் பேணப்படுகிறதே! இங்கே இருந்தால் பாழாகியிருக்குமே!' என்று சொல்பவர்கள் நம்மிடையேயும் உண்டு. இந்தக் கேள்வியை ஒதுக்கிவிடுவது சரியன்று. பேணத் தவறியது நமது குறைதான். ஆனால், பேணுவதற்காக யாரும் திருடுவதில்லை. திருட்டு கலைப்பொருளோடு நின்றுவிடுவதுமில்லை. பீடத்திலிருந்து பெயர்க்கும்போது பாதம் உடைகிறது. சுவரிலிருந்து வெட்டும்போது சிற்பத்தைச் சூழ்ந்த கட்டடம் சிதைகிறது. எந்தச் சன்னிதியில், எந்தத் திருமேனிகளோடு, எந்தத் திருவிழாவுக்காக அது இருந்தது என்ற வரலாறு அழிந்துபோகிறது. வணிகர் திட்டமிட்டே அந்த வரலாற்றை அழிக்கிறார். அடையாளம் தெரியாமல் இருந்தால்தான் விற்க முடியும். அருங்காட்சியகத்தில் பத்திரமாக இருப்பது உலோகம். அதன் உறவுகள் அங்கே இல்லை.

அதேபோல, திரும்பி வருவதோடு கடமை முடிந்துவிடுவதும் இல்லை. 2021-இல் அமெரிக்கா 157 தொல்பொருள்களையும், 2024-இல் 297 தொல்பொருள்களையும் இந்தியாவிடம் ஒப்படைத்தது. கள்ளக் கடத்தலைத் தடுக்க இரு நாடுகளும் 2024 ஜூலையில் ஓர் உடன்படிக்கையும் செய்துகொண்டன. இவை மகிழ்ச்சி தருகின்றன. ஆயினும், மீண்டு வந்த திருமேனிகளில் பல அரசின் பாதுகாப்பு மையங்களிலேயே இருக்கின்றன. ஊர்க் கோயிலில் காவலில்லை என்பதனால், அலங்காரமும் தீபாராதனையும் இன்றி அவை பூட்டிய அறையில் காத்திருக்கின்றன. எந்தப் பாராமுகம் களவுக்கு வழிவிட்டதோ, அதுவே மீண்டவரை வீடு சேரவிடாமலும் தடுக்கிறது. கோயில் உயிர் பெற்றாலன்றித் திருமேனி முழுமையாகத் திரும்பியதாகக் கொள்ள முடியாது.

ஒவ்வொருவரும் செய்யத்தக்கது

பதிவு என்பது அறிஞர்களுக்கும் அரசுக்கும் மட்டுமே உரிய வேலையன்று. கலைப்பொருள்களை அடையாளப்படுத்துவதற்கென 1997 முதல் உலகெங்கும் ஓர் எளிய முறை வழக்கில் உள்ளது. அதனைப் பின்பற்றி எந்த ஊராரும் தம் கோயிலுக்கு ஒரு பதிவேடு தயாரிக்கலாம்.

முதலாவது, புகைப்படம். ஒவ்வொரு திருமேனியையும் கோயில் நிர்வாகத்தின் அனுமதியோடும், அர்ச்சகரின் துணையோடும், ஆலய மரபுக்கு ஊறு நேராதவாறு நான்கு புறமும் படமெடுக்க வேண்டும். ஆடையும் மாலையும் இல்லாத நிலையில்தான் அடையாளங்கள் தெரியும் என்பதால், திருமஞ்சன வேளையில் அர்ச்சகரே எடுப்பது பொருந்தும். படத்தில் ஓர் அளவுகோலும் இருப்பது நல்லது.

இரண்டாவது, விவரங்கள். என்ன திருமேனி, எதனால் ஆனது, உயரமும் அகலமும் எடையும் எவ்வளவு, பீடத்தில் எழுத்துகள் உண்டா, எந்தக் காலத்தது என்பனவற்றைக் குறிக்க வேண்டும்.

மூன்றாவது, தனி அடையாளங்கள். ஒடிந்த விரல், தேய்ந்த முகம், பழைய ஒட்டு, சிறு துளை போன்ற குறைகளை மறைக்காமல் எழுத வேண்டும். அழகு பல திருமேனிகளுக்குப் பொதுவானது. குறைதான் ஒன்றை மற்றொன்றிலிருந்து பிரித்துக் காட்டும்.

நான்காவது, பாதுகாப்பு. பதிவேட்டின் படிகளைக் கோயிலில் மட்டும் வைக்காமல், வேறிரண்டு இடங்களிலாவது வைக்க வேண்டும். திருமேனிகளின் மதிப்பையும், அவை வைக்கப்படும் இடத்தையும் ஊரறியப் பறைசாற்றலாகாது. ஆண்டுக்கு ஒருமுறை பதிவேட்டோடு ஒப்பிட்டுச் சரிபார்க்க வேண்டும். சிவபுரம் நடராஜரைச் செப்பனிட வெளியே கொடுத்தபோது, போலி ஒன்று திரும்பி வந்தது. அசல் அமெரிக்கா வரை சென்று, வழக்குக்குப் பின் 1986-இல்தான் இந்தியா வந்தது. செப்பனிடக் கொடுக்கும்போதும் திரும்பப் பெறும்போதும் பதிவேடு உடனிருக்க வேண்டும் என்பதற்கு இது சான்று.

களவு நேர்ந்தால், 'ஊருக்கு அவமானம்' என்று மறைக்காமல் அன்றே புகார் செய்ய வேண்டும். தமிழகத்தில் 1983 முதல் இதற்கெனத் தனிக் காவல் பிரிவு இயங்கி வருகிறது. களவுபோன கலைப்பொருள்களின் உலகப் பட்டியல் ஒன்றை இன்டர்போல் பேணுகிறது. அதில் இடம்பெற வேண்டுமானால் படமும் விவரமும் வேண்டும். நிலம் தோண்டும்போது பழம்பொருள் கிடைத்தால், மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது 1878 முதல் உள்ள சட்டம்.

வாங்குபவருக்கும் இதில் பங்குண்டு. விலைகொடுக்க ஆள் இருப்பதால்தான் களவு நடக்கிறது. வீட்டை அழகுபடுத்தப் பழஞ்சிலை ஒன்றை வாங்க விரும்புவோர், 'இது எங்கிருந்து வந்தது? பதிவுச் சான்று எங்கே?' என்று கேட்க வேண்டும். விடை மழுப்பலாக இருந்தால், அந்த அழகு யாரோ ஓர் ஊரின் கண்ணீர் என்று உணர்ந்து விலகுவதே அறம். புதிய திருமேனி வேண்டுமெனில், சுவாமிமலையிலும் பிற இடங்களிலும் இன்றும் உயிரோடிருக்கும் ஸ்தபதிகளின் மரபை ஆதரிக்கலாம்.

பிள்ளைகளுக்கு அளிக்கத்தக்க கல்வியும் ஒன்றுண்டு. தம் ஊர்க் கோயிலிலுள்ள திருமேனிகளின் பெயர்களை அவர்கள் அறிந்திருக்கட்டும். எந்தக் கையில் என்ன ஏந்தியிருக்கிறார், எந்த வாகனம், ஏன் அந்த வடிவம் என்று கேட்கட்டும். கிண்ணத்தையும் கரண்டியையும் கண்டு அன்னபூரணி என்று சொல்லத் தெரிந்த ஒரு குழந்தை, நூறாண்டுக் காலம் அறிஞர்கள் கவனிக்கத் தவறியதைக் கண்டுகொள்ளும்.

முன்னோர் இத்திருமேனிகளை நமக்குச் சொத்தாக விட்டுச் செல்லவில்லை, பொறுப்பாக ஒப்படைத்தார்கள். மண்ணில் புதைத்தும், தோளில் சுமந்தும், நிலவறையில் பூட்டியும் அவர்கள் காத்தார்கள். இன்று நம்மிடம் கேட்கப்படுவது அத்தனை பெரிய தியாகமன்று. இந்த வாரம் ஊர்க் கோயிலுக்குப் போகும்போது, வழக்கமாக நிற்கும் சன்னிதியைக் கடந்து, யாரும் நிற்காத சிறு சன்னிதியின் முன்னும் சற்று நின்று, அங்கே எழுந்தருளியிருப்பவர் யார் என்று கேட்டறியலாம். காவல் அங்கிருந்தே தொடங்குகிறது.